நண்டு கிடைத்த இடம்

எங்கள் நண்டு வியாபாரத்துக்கு வெப்சைட் தொடங்கியபோது விளம்பரத்துக்குக் காசில்லை. இணையத்தில் தேடினால் நாங்கள் வரவே மாட்டோம். எப்படி வருவோம்? ஊர்ப் பெயரே அதில் கிடையாது. நைனா போடவிடவில்லை.

"எங்க புடிக்கிறோம்னு இன்னாத்துக்கு ஊருக்கெல்லாம் சொல்ற?"

வலையோடு கிளம்பும்போது யாராவது "எங்கே" என்று கேட்டாலே திரும்பி வந்து உட்கார்ந்துவிடுகிற மனிதர்.

"ஏரி பேரத்தான போடுறேன் நைனா. ஏரி எம்மாம் பெருசு!"

முறைத்தார், ஆனால் விட்டுவிட்டார். ஒவ்வொரு பக்கத்திலும், படத்திலும் 'பழவேற்காடு ஏரி நண்டு' என்று எழுதினேன். பைசா செலவில்லை. மெல்ல மேலே வந்தோம்.

இன்று தேடினால் முதலில் நாங்கள்தான். பார்க்க நைனா இல்லை. பெரிய பெரிய நண்டுகளை ஏரியில் எந்த இடத்தில் பிடித்தார் என்று என்னிடம்கூடச் சொல்லாமலே போய்விட்டார்.