தார்ப்பாய் போர்த்திய சோலார் பம்பு

திண்டிவனத்தில் நாங்கள் பயிர் வைக்கும் கொல்லையின் கிணற்றுக்கு இலவச கரண்ட் கேட்டு வருடக்கணக்காக வரிசையில் இருக்கிறோம். மானியத்தில் சோலார் பம்பு வேண்டுமென்றால் வரிசையில் இடத்தை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஓடுகிற பம்பு ஒன்றைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று போன செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். தேர்தல் நேரம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

காலை 7.10க்கு பஸ், 8.15க்கு விழுப்புரம். டிக்கெட் 35 ரூபாய். அங்கிருந்து கோலியனூர் தாண்டி ஒன்பது கிலோமீட்டர் ஆட்டோ, 180 ரூபாய். "சோலார் பாக்கவா போறீங்க? அத்த மூட்டை கட்டி வச்சிக்கினு இருக்காங்களே" என்றார் டிரைவர். கிண்டல் என்று நினைத்தேன்.

கிண்டல் இல்லை. என் பள்ளித்தோழி அமுதா வேர்க்கடலை போட்டிருந்த கொல்லையில் ஆறு சோலார் பலகைகளும் நீலத் தார்ப்பாய்க்குள் இருந்தன. வெயிலோ மண்டையைப் பிளந்தது. ஒரு பலகையின் மூலையில் கையகல ஸ்டிக்கர், அதில் ஒரு தலைவர் சிரிக்கிறாராம். தேர்தல் முடியும்வரை அந்த முகம் தெரியக் கூடாது. மறைக்க வந்தவர்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் போர்த்திவிட்டுப் போய்விட்டார்கள்.

"ஸ்டிக்கர கிழிச்சா கட்சிக்காரங்க சண்டைக்கு வருவாங்க, தார்ப்பாய அவுத்தா கேசுன்றாங்க. நாலு நாளா மல்லாட்டை வாடிக்கினு இருக்குதுடி, விழுது எறங்குற நேரம். கரண்ட் வரிசையையும் உட்டுக் குடுத்துட்டேன்" என்றாள் அமுதா. கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

பதினொன்றரைக்குத் தேர்தல் பறக்கும் படையின் ஜீப் அந்தப் பக்கம் வந்தது. அமுதா ஓடிப்போய் மறித்தாள்.

"சார், படத்த மறைக்கணுமா, வெயில மறைக்கணுமா?"

அதிகாரி இறங்கி வந்து தார்ப்பாயை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "படத்ததாம்மா. கட்சி சம்பந்தம் இல்லாம எதுனா ஒட்டி மறச்சிக்கங்க."

அமுதா வீட்டுக்குள் போய், பம்பு விண்ணப்பத்துக்கு எடுத்து மிச்சமான பாஸ்போர்ட் சைஸ் படங்கள் எட்டைக் கொண்டுவந்தாள். தார்ப்பாயை அவிழ்த்து, கேப்பைக் கூழைத் தடவி, ஸ்டிக்கர்மேல் வரிசையாக ஒட்டினாள். தலைவர் சிரித்த இடத்தில் இப்போது எட்டு அமுதா, எட்டும் முறைத்தபடி.

அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "நீங்க எலெக்‌ஷன்ல நிக்கலையே?"

"மொதல்ல மல்லாட்டைக்குத் தண்ணி உட்டுட்டு வர்றேன் சார், அப்பால யோசிக்கலாம்."

12.05க்குக் குழாயில் தண்ணீர் கொட்டியது. அதிகாரியும் முகம் கழுவிக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு: தேர்தல் அறிவிப்புக்கு முன்பே போய்விடுங்கள். திரும்புவதற்கு ஆட்டோவை அங்கேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் என்னைப்போல மெயின் ரோடுவரை இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். பலகை நன்றாகத்தான் வேலை செய்கிறது, மேலே எதையும் போர்த்தாமல் இருந்தால்.

மறுநாளே நானும் கையெழுத்துப் போட்டேன். விண்ணப்பத்துக்கு இரண்டு படம்தான் கேட்டார்கள். ஸ்டுடியோவில் பத்தாக எடுத்துக்கொண்டேன். மிச்ச எட்டும் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன, அடுத்த தேர்தலுக்கு.