மூன்று பேர் நடந்த போட்டி

பத்தாம் வகுப்பில் வட்டார நடைப்போட்டிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டார் பி.டி. டீச்சர். சத்துவாச்சாரித் தெருக்களில் ஒரு மாதம் இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்து பழகினேன். பார்த்தவர்கள் எல்லாம், "கால்ல இன்னாம்மா அடி?" என்று விசாரித்தார்கள்.

போட்டியன்று மைதானத்துக்குப் போனால், மாணவிகள் பிரிவில் நான் ஒருத்திதான் வந்திருந்தேன்.

"மூணு பேராவது இல்லன்னா போட்டி கெடையாது" என்றார் நடுவர்.

டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தார். எனக்குக் கைதட்ட வந்திருந்த தோழிகள் இருவரையும் பிடித்து நிறுத்தினார். "சும்மா பின்னாடி நடங்கடி, போதும்."

விசில் ஊதியதும் ஒருத்தி துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ரப்பர் செருப்போடு என்னைத் தாண்டினாள்.

"ஏய், மெதுவா போடி!" என்று கெஞ்சினேன்.

"மெதுவாதான்டி போறேன். தெனமும் அம்மாவ ஷூ கம்பெனி பஸ்ல ஏத்திவுட அவங்க சாப்பாட்டுப் பையத் தூக்கிக்கினு இதவிட ஜாஸ்தியா நடப்பேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆத்திரத்தில் காலை எட்டிப் போட்டேன். இது நடை இல்லை, ஓட்டம் என்று நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டி என்னை வெளியேற்றினார். இன்னொருத்தி வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்து வந்து இரண்டாம் பரிசு வாங்கினாள்.

மறுநாள் காலை வழிபாட்டில் தலைமையாசிரியர் எங்கள் மூவரையும் மேடைக்கு அழைத்தார். "வட்டாரத்துல மூணு எடமும் நம்ம ஸ்கூலுக்குத்தான்!" என்று மைக்கில் முழங்கினார்.

நான் பி.டி. டீச்சரைப் பார்த்தேன். அவர் கொடிக்கம்பத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.