இமோஜீனுக்கு ஏற்ற துப்பாக்கி

அமெரிக்காவின் ஆர்க்கன்சா மலைப்பக்கத்தில் அந்த ஊர்க்காரர்கள் வானிலை பற்றிக்கூட ஒத்துப்போவார்கள். துப்பாக்கி என்று வந்துவிட்டால் ஆளுக்கொரு கட்சி. இமோஜீன் டாக்கெட்டின் பின்கதவை யாரோ உடைத்துவிட்டார்கள் என்ற செய்தி புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு முன்பே தேவாலயத்தை எட்டியிருந்தது. அன்று ஜெபம் சுருக்கமாக முடிந்தது. ஆலோசனைதான் நீண்டது.

பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர் ராணுவ ரகமே நல்லது என்றார். போதகர் தலையணைக்கடியில் ஒரு பிஸ்டல் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, உண்மையான காவல் கர்த்தர்தான் என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். பக்கத்துப் பண்ணை வெர்லன் ஹாஸ்கெல் பம்ப் துப்பாக்கியின் கட்சி. அதைச் சுடவே வேண்டாம், பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளும் சத்தம் கேட்டாலே திருடன் கால்சட்டையை நனைத்துக்கொள்வான் என்றார்.

இமோஜீன் எல்லோருக்கும் தலையாட்டினாள். ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா கிண்டியவள். விரல் முட்டிகளெல்லாம் வாதத்தில் வீங்கிக் கிடந்தன. கதவை உடைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். செத்துப்போன கணவரின் மான் வேட்டைத் துப்பாக்கி காணாமல் போயிருந்தது. ஃபிரிட்ஜில் இருந்த பீன்ஸும் காலி. ஆனால் தின்றவன் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தான். அப்படிக் கழுவ அவள் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு பிள்ளைக்குத்தான். ராய்ஸ். மெத் என்கிற போதைத்தூள் அவனுடைய பற்களையும் வேலையையும் தின்றுவிட்டு இப்போது மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தது.

ஊருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் அவன் பெயரைச் சொல்லவில்லை. பெயரைச் சொல்வது மரியாதைக்குறைவு. அவனை எதால் சுட்டால் நல்லது என்று அவன் தாயிடம் எடுத்துச் சொல்வது அன்பு. இரண்டுக்கும் நடுவே இருந்த பள்ளம் யார் கண்ணிலும் படவில்லை.

வெர்லன் நல்ல மனிதர். கேட்காமலே வந்து கதவைச் சரிசெய்தார். கடைசித் திருகாணியை முடுக்கிவிட்டு, அந்தப் பக்கத்து வழக்கப்படி மரியாதைக்கு ‘மிஸ்’ போட்டுச் சொன்னார்:

“அவன் மறுபடியும் வருவான், மிஸ் இமோஜீன். நான் வந்து உங்க அடுப்படியில உக்காந்துக்கறேன். நீங்க நிம்மதியாத் தூங்குங்க. எனக்குக் காபி மட்டும் போட்டு வச்சிருங்க.”

வெர்லன் விளையாட்டுக்குச் சொல்பவர் அல்லர். வருஷா வருஷம் வேட்டைப் பருவத்தின் முதல் நாளே அவர் வண்டியில் மான் கிடக்கும். அவர் குறி தப்பி ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. அந்த மனிதர் தன் அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பசித்த ராய்ஸ் பின்கதவைத் தள்ளுவதை இமோஜீன் நினைத்துப் பார்த்தாள்.

“உங்களுக்கு எதுக்கு வெர்லன் சிரமம்? நானே ஒண்ணு வாங்கிக்கறேன்,” என்றாள்.

தூண்டில் புழுவும் துப்பாக்கியும் விற்கும் கடை நெடுஞ்சாலை முக்கில் இருந்தது. கடைக்காரன் டெரல் பள்ளியில் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். முதலில் ஒரு பிஸ்டலை நீட்டினான். மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்க அவள் விரல்களுக்குத் தெம்பில்லை. அடுத்து, சின்னத் தோட்டா போடும் இலேசான ஷாட்கன். தோளில் வைத்துப் பார்த்தாள். கனமில்லை, விசையும் வெண்ணெய் மாதிரி இறங்கியது.

“உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு,” என்றான் டெரல்.

“வேணாம் கண்ணு. வேற காட்டு.”

கண்ணாடிப் பெட்டியின் ஓரத்தில் ஊதாக் கைப்பிடி போட்ட குட்டி ரிவால்வர் ஒன்று இருந்தது. அந்தப் பக்கத்துக் கணவன்மார் மனைவிமாருக்கு ஆசையாக வாங்கிக் கொடுப்பது. கை சின்னது, ஆகவே துப்பாக்கியும் சின்னது என்று கணக்கு. சின்னதற்குத்தான் விசை முரடு, உதையும் அதிகம். டெரல் யோக்கியன், அதைச் சொல்லியே கொடுத்தான். இமோஜீன் ஒரு விரலால் இழுத்தாள், பிறகு இரண்டு கை விரல்களையும் சேர்த்து இழுத்தாள். விசை அசையவில்லை.

“இதையே கொடு.”

“மேடம், இதை உங்களால இழுக்கவே முடியலையே.”

“பாத்தேன்.”

“அப்புறம் அவன் உள்ள வந்துட்டா?”

“வந்தா வரட்டும்.”

டெரல் அவள் முகத்தைப் பார்த்தான். பள்ளியில் ராய்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன்தான் அவனும். பெட்டியில் போட்டுக் கட்டிக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் அவள் கைப்பையைத் திறந்து காட்டினாள். ஊருக்குத் திருப்தி. வெர்லன் மட்டும் “பொம்பளைத் துப்பாக்கி” என்று உதட்டைப் பிதுக்கினார். ஆனால் காவலுக்கு உட்காரும் பேச்சை அதோடு விட்டுவிட்டார். இமோஜீன் வாங்கியது அதற்குத்தான். வீட்டுக்குப் போய்க் குண்டுகளைக் குட்டையில் கொட்டினாள், ரிவால்வரைத் துணி அலமாரியில் போர்வைக்கு அடியில் செருகினாள். அன்றிலிருந்து பின்கதவைத் தாழிடுவதில்லை. ஃபிரிட்ஜில் பீன்ஸ் எப்போதும் இருந்தது. அவள் கட்டிய காவல் அவ்வளவுதான். அவள் யோசித்த அளவுக்கு அதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை.

இலையுதிர் காலத்து ஞாயிறு ஒன்றில் ஆராதனை முடிந்து வந்தபோது கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. பிள்ளை சாப்பிட்டிருக்கிறான் என்று முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகு படுக்கையறையில் போர்வைகள் கலைந்து கிடப்பதைப் பார்த்தாள். அம்மா பொருள் ஒளிக்கும் இடங்களைக் கண்டுபிடித்தே வளர்ந்தவன் அவன். ஜன்னல் வழியே வெர்லன் வீட்டு முற்றத்தில் ஷெரீஃப் அலுவலக வண்டிகள் தெரிந்தன.

வெர்லனுக்கு அன்று காய்ச்சல். தேவாலயத்துக்குப் போகவில்லை. அவருடைய வண்டியின் பின்கண்ணாடியில், இந்த வீட்டில் போலீஸைக் கூப்பிடும் வழக்கமில்லை என்ற வாசகத்தோடு துப்பாக்கிப் படம் ஒட்டியிருக்கும். அங்கே பாதி ஆண்கள் அப்படி ஒட்டுகிறார்கள். திருடனை விரட்டுவதாக அவர்கள் நினைப்பு. திருடனுக்கோ அது கடைப் பலகை, உள்ளே விற்கத் தகுந்த சரக்கு இருப்பதாக அர்த்தம். ஞாயிறு காலையில் வீடு காலி என்று நம்பி, அம்மாவின் ரிவால்வரைக் கையில் பிடித்துக்கொண்டு ராய்ஸ் உள்ளே போயிருக்கிறான். பம்ப் துப்பாக்கியின் சத்தம் கேட்டும் அவன் ஓடவில்லை. வெர்லனின் குறி அன்றும் தப்பவில்லை. சத்தத்தைப் பற்றி வெர்லன் சொன்னது தப்பு; துப்பாக்கியைப் பற்றிச் சொன்னது சரி.

வழக்கு ஏதும் இல்லை. தன் வீட்டுக்குள் நிற்கிறவன் பின்வாங்கத் தேவையில்லை என்பது அங்கத்திய சட்டம். ஷெரீஃபின் ஆட்கள் ஓபல் போட்ட காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஓபல் வெர்லனின் மனைவி. சாயங்காலம் வெர்லன் வயலைத் தாண்டி வந்து, தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்தபடி படிக்குக் கீழேயே நின்றார்.

“அவன் துப்பாக்கியில குண்டு இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும், மிஸ் இமோஜீன்?”

“உங்களுக்குத் தெரிய வழியில்ல. எனக்குத்தான் தெரியும்.”

சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பதில் அந்த ஊர் கண்டிப்பு. மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரங்கள் வந்து மேசையில் குவிந்தன. எது யாருடையது என்று தெரிய அடியில் பெயரெழுதிய பட்டி ஒட்டியிருக்கும். கோழியும் அரிசியும் வைத்த பெரிய பாத்திரத்தின் அடியில் ‘ஹாஸ்கெல்’ என்றிருந்தது. அனுப்பாமல் இருப்பது ஓபலால் ஆகாத காரியம். தொடாமல் திருப்பி அனுப்புவது இமோஜீனால் ஆகாத காரியம். சாப்பிட்டாள்.

பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்காரிதான் நேரில் போகவேண்டும், அதுதான் முறை. அடக்கம் முடிந்த அடுத்த வாரம், நல்ல வெயிலில், இமோஜீன் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வயலைக் கடந்தாள். வெர்லன் வீட்டு வேலியோரம் வந்ததும் நின்றாள். கதவுக்குப் பின்னால் யாரோ நடமாடுவது தெரிந்தது. அங்கிருந்தபடியே குரல் கொடுத்தாள்:

“வெர்லன், நான்தான், இமோஜீன். கையில பாத்திரம்தான் இருக்கு.”