வெள்ளிக்கிழமைப் பாட்டு

மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்கூடத்தில் நான் இங்கிலீஷ் டீச்சர். என் கணவரும் மகளும் நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். அவர் ஒரு ரைஸ் மில்லில் சூப்பர்வைசர். மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். கல்யாணமான புதிதில் எங்களைச் சேர்த்துவைத்தது பாட்டுதான் என்று சொல்வேன். எங்கள் லுத்தரன் சபையின் பாடகர் குழுவில் அவர் கீபோர்டு வாசிப்பார், நான் பாடுவேன். இரண்டு பேரும் முறையாகப் படித்ததில்லை. அவருக்கு சி ஸ்கேலில் மட்டும்தான் விரல் ஓடும். மற்ற ஸ்கேலுக்கெல்லாம் கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிக்கொள்வார்.

வேலைக்காக நான் கடல் கடந்த பிறகும் பாட்டை விடவில்லை. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. சாயங்காலம் வீடியோ காலில் அவர் வாசிப்பார், நான் பாடுவேன். இஸ்லாம் தவிர வேறு மத வழிபாட்டுக்கு அந்த ஊரில் சட்டப்படி இடமில்லை என்பதால் ஜன்னலைச் சாத்திவிட்டு, மின்விசிறி இரைச்சலுக்கு அடங்கிய குரலில் பாடுவேன். நெட் வழியாகச் சேர்ந்து பாடுவது லேசான காரியமில்லை. அவர் அங்கே வாசிப்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகக் கேட்கும், என் குரல் அவருக்கு இன்னும் தாமதமாகப் போகும். இருந்தாலும் ஒரு மாதிரி ஒத்துப்போகப் பழகியிருந்தோம். கடைசி ஒரு வருஷமாகத்தான் அது கெட்டுப்போயிருந்தது. நான் ஓர் அடியைப் பாடி முடிக்குமுன்னே அவர் அடுத்த அடிக்குப் போய்விடுவார். நிறுத்துங்க என்று சொன்னாலும் வாசித்துக்கொண்டே இருப்பார். நெட் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

போன டிசம்பரில் விடுமுறைக்கு வந்தேன். சம்பா கதிர் வாங்கி நின்றது. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வந்த மறுநாள் அவர் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே குக்கர் விசில்மேல் விசிலாக அடிக்கிறது, அவர் திரும்பவே இல்லை. குளித்துக்கொண்டிருந்த மகள் ஈரத் தலையோடு ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அது எனக்கு விநோதமாக இருந்தது. ஆனால் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்குப் பயிற்சி. நான் பழைய இடத்தில், பெண்கள் வரிசையில் நின்றேன். அவர் வாசிக்க ஆரம்பித்தார். முந்திய பாட்டுக்கு வைத்த ட்ரான்ஸ்போஸ் அப்படியே இருந்தது. குழு ஒரு சுருதியில் பாடுகிறது, கீபோர்டு இன்னொரு சுருதியில் போகிறது. காது கூசியது. யாராவது நிறுத்துவார்கள் என்று பார்த்தேன். கனத்த குரலில் பாடும் பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டு பாடினார். பெண்களில் ஒருத்தி என்னைப் பார்த்தாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் கணவர் மட்டும் தலையை ஆட்டி ஆட்டி, ரசித்து வாசித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மகள் குனிந்து பட்டனை அமுக்கினாள். பிறகு அவர் முழங்கால்மேல் கையை வைத்துத் தாளம் தட்ட ஆரம்பித்தாள். பாட்டு சரியாகிவிட்டது. இது பல நாள் பழக்கம் என்பது அவள் கை போன வேகத்திலேயே தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

“ஏங்க, காது கேக்கலையா உங்களுக்கு?”

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை. மகள்தான் சொன்னாள். “அம்மா, எதிர்ல போய் நின்னு பேசுங்க.”

எதிரே போய் நின்று கத்தினேன். அவர் கையை உயர்த்தினார்.

“கத்தாதம்மா. கத்துனா இன்னும் புரியல. மெதுவா சொல்லு, வாயப் பாத்துக்கறேன்.”

“எத்தன நாளா?”

“மில்லுல மெஷின் பக்கத்துலயே நின்ன காது. கொஞ்சம் கொஞ்சமா போச்சு. ஆம்பளைங்க பேசுறது பரவால்ல. உன் குரலு, பாப்பா குரலு, அதெல்லாம் கீச்சுன்னு தூரத்துல கேக்குது. வார்த்த வரல.”

“அப்ப வெள்ளிக்கிழம நான் பாடுனது?”

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “நீ எங்க இழுப்ப, எங்க மூச்சு வாங்குவன்னு எனக்குத் தெரியாதா? மனசுக்குள்ள நீ பாடுவ. அதுக்கு நான் வாசிப்பேன்.”

வேறு நேரமாக இருந்தால் அந்தப் பேச்சில் உருகியிருப்பேன். அன்று கோபம்தான் வந்தது. சபைக்கே தெரிந்த விஷயம் எனக்குத் தெரியவில்லை. மகளைப் பிடித்துக்கொண்டேன்.

“நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னா நீங்க வேலைய விட்டுட்டு வந்துருவீங்கன்னு அப்பா சத்தியம் வாங்கிட்டாங்க. நான் என்னம்மா பண்றது? பரீட்சைக்குப் படிக்கிறதா, இவங்களுக்குத் தாளம் தட்டுறதா?” என்று அழுதுவிட்டாள். அவள் அழுததுகூட அவருக்குக் கேட்கவில்லை, கண்ணீரைப் பார்த்துத்தான் எழுந்து வந்தார்.

தஞ்சாவூரில் காது டாக்டரிடம் போனோம். மேல் ஸ்தாயிச் சத்தங்களைக் கேட்கும் சக்தி போய்விட்டது, திரும்ப வராது, மில் இரைச்சலில் இனி நிற்கக் கூடாது என்றார். இரண்டு காதுக்கும் மெஷின் வைத்தார்கள். பஸ்ஸில் வரும்போது அவர் டிக்கெட் கசங்கும் சத்தத்துக்கெல்லாம் திடுக்கிட்டார். தாராசுரம் தாண்டும்போது என் பக்கம் திரும்பி, “நீ மூக்க உறிஞ்சுறியே, சளியா?” என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கீபோர்டுக்குத்தான் போனார். நான்கைந்து கட்டைகளை அமுக்கிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

“தகரத்தத் தட்டுற மாதிரி இருக்கு. இது என்ன பாட்டு?”

பழகினால் சரியாகும் என்று டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தினேன். அவர் கீபோர்டை உறைக்குள் போட்டு மூடினார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு மகள்தான் வாசித்தாள். அவர் கடைசி பெஞ்சில் மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். “வந்து என்ன பண்ணப்போற? உன் காதையா எனக்குக் குடுக்கப்போற? நானும் மில்ல விட்டாச்சு, நீயும் விட்டுட்டா வீடு எப்படி ஓடும்? பாப்பா காலேஜுக்குப் போக வேணாமா?” என்று கேட்டார். அறுவடைக்கு முன்பே திரும்பிப் போனேன்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமைகளில் பேசினோம், பாடவில்லை. அவர் என் உதட்டைப் பார்க்கிறார் என்று தெரிந்த பிறகு எனக்குப் பேசவே கூச்சமாக இருந்தது. பங்குனியில் ஒருநாள் அவரே கீபோர்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார். காதில் மெஷின் இல்லை.

“இடது பக்கக் கட்டையெல்லாம் நல்லா கேக்குது. நீ எறக்கிப் பாடு. ஆம்பள மாதிரி பாடு, பாப்போம்.”

தொண்டையை அடக்கி அடிக்குரலில் பாடினேன். எனக்கே சகிக்கவில்லை. சுருதி நிற்காமல் தடுமாறியது, பல்லவியில் இரண்டு தரம் குரல் உடைந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். முடிந்ததும், “பாதி வந்துச்சு,” என்றார். அடுத்த அறையில் இருந்த கேரளத்து டீச்சர் கதவைத் தட்டி, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

அன்று இரண்டு பாட்டு பாடினோம். பிறகு மகள் போனை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“அம்மா, அப்பா மறுபடி மில்லுக்குப் போறாங்க. காதுல பஞ்ச வெச்சுக்கிட்டு. சம்பா நெல்லு வந்து குவிஞ்சிருக்குன்னு மொதலாளி கூப்பிட்டாராம்.”

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். திரையில் அவர் முகம் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தார். நான் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, மில்லுக்குப் போகாதீங்க என்றேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நெட் சரியில்லம்மா, ஒண்ணும் புரியல,” என்றார்.