சாராயத்துக்கு வைத்த மருந்து

அத்தை என் கையில் வைத்த பொட்டலம் மலையாளப் பேப்பரில் மடித்திருந்தது. உள்ளே பழுப்பு நிறப் பொடி. "குமுளியில ஒரு வைத்தியர் இருக்காக. அங்கன போயி வாங்கியாந்தேன். சோத்துல கலந்து குடுத்துட்டா, மேல சாராயம் விழுந்ததும் கொடலப் புரட்டிருமாம். நாலு தடவ வாந்தி எடுத்தா அந்தக் கருமத்த உங்க மாமாவே வெறுத்துருவாகன்னு சொன்னாக," என்றாள். சாராயக் கடைகள் மறுபடி திறந்த காலம் அது. குடிக்கிற புருஷனுக்குத் தெரியாமல் சோற்றில் மருந்து வைப்பது எங்கள் பக்கத்தில் ஊரறிந்த ரகசியம்.

மாமாவிடம் அது அவ்வளவு சுலபமில்லை. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பார்க்கிறவர். ஒரு காயைக் கடித்துத் துப்பிவிட்டு எந்த மலைக் காய் என்று சொல்லிவிடுவார். ரசத்தில் நாலு மிளகு கூடினாலும் கண்டுபிடிக்கிற நாக்கு. குடியில் கை நடுங்க ஆரம்பித்த பிறகும் அந்த நாக்கு தப்பவில்லை. ஈரல் கெட்டுவிட்டது, இப்படியே குடித்தால் ஒரு வருஷம் தாங்காது என்று பெரியகுளத்து டாக்டர் சொல்லியிருந்தார். அத்தை எல்லாத் தெய்வத்தையும் கேட்டு முடித்த பிறகுதான் குமுளி பஸ் ஏறினாள்.

நான் அப்போது மதுரையில் விலங்கியல் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்த இடத்தில், படித்தவள் என்ற திமிர் தலைக்கேறியிருந்தது. "மாமாவுக்குப் பழகாத சாப்பாடா செய்ங்கத்தை. புது ருசின்னா பொடி தெரியாது," என்றேன். பட்டையும் சோம்பும் அரைத்து, விடுதியில் போடுகிற குருமாவை நானே வைத்தேன். மாமா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் சாராயக் கடைக்குப் போய் வந்தவர், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் வாந்தி எடுத்தார். அவர் முதுகைத் தடவியபடி அத்தை என்னைப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்திலும் சந்தோஷம். அதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மறுநாளும் அவர் சாராயக் கடைக்குப் போனார். அவருக்குக் குமட்டியது குருமா வாசனைதான். அளவு போதவில்லை போலிருக்கிறது என்று நாங்கள் விடாமல் வேறு வேறு கறியில் வைத்தோம். ஒவ்வொன்றாக எல்லாமே அவருக்கு ஆகாமல் போயின. கடைசியில் அத்தையின் அடுப்பிலிருந்து எது வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கோவிச்சுக்கிறாத. நல்லாத்தேன் செஞ்சிருப்ப. உள்ள போக மாட்டேங்குது," என்று அவளிடம் கெஞ்சுவார். வெறும் வயிற்றில் சாராயம் மட்டும் தடையில்லாமல் இறங்கியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். நாங்கள் பிடித்தது எமனை.

விடுமுறை முடிந்து திரும்பினேன். ஒருநாள் வகுப்பில் பேராசிரியர் ஒரு எலிச் சோதனையை விளக்கினார். எலிக்குப் புதிதாக ஓர் இனிப்புத் தண்ணீரைக் கொடுத்து, பிறகு அதற்கு உடம்பு கெடும்படி செய்தால், அந்தத் தண்ணீரை அது மறுபடி தொடாது. நெடுநாள் பழகிய ருசியை மூளை லேசில் சந்தேகப்படாது, பழியைப் புதிதாக வந்ததன் மேல் போட்டுவிடும். மாமாவுக்குப் பழகியது சாராயம். புதிதாக வந்தது நான் வைத்த குருமா.

அன்றைக்கே ஓர் இன்லேண்டு லெட்டர் வாங்கினேன். அத்தைக்கு எழுத உட்கார்ந்தால், யோசனை சொன்னது நான்தானே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. நாளைக்கு எழுதலாம் என்று நாலு மாதம் தள்ளினேன். தை பிறப்பதற்குள் மாமா எலும்பும் தோலுமாகப் போய்ச் சேர்ந்தார்.

பிறகு என் பிழைப்பே எலிகளோடுதான். ருசியும் பசியும் போதையும் மூளையில் எங்கே முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன என்று முப்பது வருஷம் தேடினேன். ஆராய்ச்சி என்று மற்றவர்கள் சொன்னார்கள். குற்றம் என்னுடையது இல்லை என்று ஏதாவது ஓர் எலி எனக்குச் சொல்லாதா என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அத்தையோ, "என் கைச்சோறு அவுகளுக்குப் பிடிக்காமப் போச்சு," என்று அத்தனை வருஷமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

போன வருஷம்தான் எனக்குத் துணிவு வந்தது. எண்பதைத் தாண்டிய அத்தையின் எதிரில் உட்கார்ந்து, எலியில் ஆரம்பித்து எழுதாத கடிதம் வரைக்கும் சொல்லி முடித்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பவே ஒரு வரி எழுதியிருக்கலாமே தாயி," என்றாள். "கடையில சோறு வாங்கியாவது குடுத்திருப்பேன்ல."