எட்வின் ஸ்காட்லாந்து போன கதை

பத்திரிகையின் சிறுவர் பக்கத்துக் கதைகளில் யாரும் சாவதில்லை, ஊருக்குப் போய்விடுவார்கள். அந்தப் பக்கத்துக்கு ஆசிரியராக இருந்த முப்பது வருடமும் நான் அப்படித்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் யாருக்காவது வாய்விட்டுக் கதை படித்துக் காட்டும் என் இனத்தாருக்கு இந்தச் சங்கடம் புரியும்.

நாற்பது அறைகள்

என் மனைவி சரோஜா கண்புரை ஆபரேஷன் முடிந்து, ஆலங்குடி வீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். “ஒரு மாதம் படிக்கக் கூடாது, அழுது கண்ணைக் கசக்கவும் கூடாது” என்று டாக்டர் உத்தரவு. லைப்ரரியில் சொல்லிவைத்திருந்த நாவல் அப்போது பார்த்துத்தான் கைக்கு வந்தது. நாற்பது அறை மாளிகையில் வாழும் இங்கிலாந்துப் பிரபு குடும்பம் ஒன்றை ஈவிரக்கமில்லாமல் கேலி செய்யும் கதை, தமிழ் மொழிபெயர்ப்பு. நான் படிக்க, அவள் கேட்டாள். விடுதிப் பள்ளியிலிருந்து விடுமுறைக்கு வந்த கடைசி மகன் எட்வினைக் காட்டி, “யார் இந்தப் பையன்?” என்று பிரபு சமையல்காரரிடம் விசாரிக்கிறார்.

“நாப்பது ரூம் இருந்து என்னங்க, பெத்த பிள்ளைய அடையாளம் தெரியலையே!”

ஸ்காட்லாந்து அத்தை

நான்காம் அத்தியாயத்தில் எட்வின் காய்ச்சலில் இறந்துபோகிறான். டாக்டரை யார் முன்வாசல் வழியாக விட்டது என்பதுதான் பிரபுவின் வருத்தம். எனக்கு நாக்கு எழவில்லை. சரோஜாவின் கண் வேறு இருக்கிறது. “காய்ச்சல் குணமாகி, ஸ்காட்லாந்தில் அத்தை வீட்டுக்குப் போனான்” என்று படித்துவிட்டேன்.

“நல்லதாப் போச்சு. அந்த அத்தையாச்சும் சோறு போட்டுப் பாத்துக்கட்டும்.”

கடிதங்கள்

அடுத்த அத்தியாயத்தில், அந்த ஊர்த் துக்க வழக்கப்படி வீடே கறுப்பு உடையில் வந்தது. குளிர்காலம் என்று சமாளித்தேன். அவளோ, எட்வின் கடிதம் போட்டானா என்று தினமும் கேட்டாள். புத்தகத்தில் இல்லாத கடிதங்களை நானே இட்டுக்கட்டிப் படித்தேன். ஒன்றில், அத்தையின் முந்திரிக்கொல்லையில் அவன் கொட்டை பொறுக்குவதாக வாய் தவறி வந்துவிட்டது.

“ஏங்க, ஸ்காட்லாந்து நம்ம கந்தர்வக்கோட்டை முந்திரிக்காட்டுக்கு அங்கிட்டா இருக்கு?”

சொட்டு மருந்து

படிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே சரோஜா புத்தகத்தை எடுத்தாள். நேராக நான்காம் அத்தியாயம். நான் சொட்டு மருந்துப் புட்டியோடு பக்கத்தில் நின்றேன். படித்து முடித்து, புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு நிதானமாக அழுதாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“அந்த வீட்டுல அவனுக்காக ஒருத்தர்கூட அழலைங்க. நானாச்சும் அன்னைக்கே அழுதிருப்பேன். நீங்க ஊருக்கு அனுப்பிட்டீங்க.”

இப்போதெல்லாம் நான் எந்தக் கதையை எடுத்தாலும், இதில் யாரும் ஸ்காட்லாந்து போகவில்லை என்று சத்தியம் செய்த பிறகுதான் சரோஜா காது கொடுக்கிறாள்.