நாலு நிமிஷம் பத்து செகண்ட்

இது கதை இல்லை, நடந்தது. நம்பாதவர்கள் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்து 'வீடியோ செல்லதுரை' என்று விசாரியுங்கள். "அந்தக் கிறுக்கனா?" என்று கேட்டுவிட்டுக் கடையைக் காட்டுவார்கள். அந்தக் கிறுக்குத்தனத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். இறந்துபோன ஒரு பையனின் கடைசிப் பேச்சை நான் அழித்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை. டீ குடிக்கப் போன நேரத்தில்.

2002 ஜூலை 17, புதன்கிழமை. லப்பைக்குடிக்காட்டிலிருந்து கவுஸ் பாய் ஒரு வீடியோ கேசட்டோடு வந்தார். அட்டையில் தலைமுடியை இடுப்புவரை வளர்த்த நாலு வெள்ளைக்காரர்கள். ஒருவன் கிடாரை வைத்துக்கொண்டு யாரையோ அடிக்க வருவதுபோல நின்றான். 1972-இல் நடந்த கச்சேரியாம். பழைய பிலிமைச் சுத்தப்படுத்தி, தொண்ணூறுகளில் கேசட்டாகப் போட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த சங்கீதம் கல்யாண மேளம்தான். அதையும் மியூட்டில் வைத்துத்தான் எடிட் செய்வேன்.

"பூஞ்சை புடிச்சிருக்கு. சுத்தம் பண்ணி சிடில ஏத்திக் குடுங்க" என்றார்.

"இந்த மாதிரி பாட்டுலாம் நீங்க கேப்பீங்களா பாய்?"

"தம்பி வாங்குனது. அஸ்லாம். துபாய்ல இருந்தான். தொண்ணூத்தெட்டுல வண்டி மோதி மவுத்தாயிட்டான். இருவத்திமூணு வயசு. அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்க."

எப்போதும் வாயில் ஏதாவது நக்கல் இருக்கும். அன்றைக்குக் கேசட் அட்டையைத் துண்டால் துடைத்தேன்.

"கச்சேரி முடிஞ்சதும் கடைசில நாலு நிமிஷம் பத்து செகண்டு தம்பி பேசி அங்கேருந்து அனுப்பியிருக்கான். அம்மாவுக்கு அதுதான் வேணும். மத்தது போனாக்கூட பரவால்ல."

"என்ன பேசியிருக்காரு?"

"அதான்... பேசியிருக்கான். நீங்க போடுங்க." எழுந்து போய்விட்டார். தம்பியைப் பற்றி அவருக்குப் பேச வராது என்று பிறகுதான் புரிந்தது.

19-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. காலையில் கேசட்டைத் திறந்து பூஞ்சையைப் பஞ்சால் துடைத்து, கச்சேரி முடியும் இடம்வரை ஓட்டி நிறுத்தி, வெளியே எடுத்து மேஜையில் வைத்தேன். கடையில் இரண்டு டெக் உண்டு. இடது பக்கம் ஓடும், வலது பக்கம் பதியும். அரியலூரில் எடுத்த ஒரு கல்யாணத்துக்கு இன்னொரு காப்பி கேட்டுப் பெண்ணின் அப்பா கண்ணையன் காலையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டார். நான்காவது போன் வந்தது. "இதோ போட்டுட்டேங்க, ஓடிட்டிருக்கு" என்று பொய் சொல்லிக்கொண்டே கல்யாணக் கேசட்டை இடதில் தள்ளினேன். மேஜையில் கைக்கு எது வந்ததோ அதை வலதில் தள்ளினேன். சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு டீக்கடைக்குப் போனேன்.

மணி 11.20.

கச்சேரி, சினிமா பதிந்து விற்கும் கேசட்டின் ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது இருந்தால் அதன் மேல் எதையும் பதிய முடியாது. அஸ்லாம் தன் பேச்சைப் பதிவதற்காக அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டியிருந்தான். அதனால் என் முட்டாள்தனத்தைத் தடுக்க உலகத்தில் எதுவும் இல்லை.

திரும்பி வந்தபோது அஸ்லாம் இருந்த இடத்தில் கண்ணையன் பந்தியில் உட்கார்ந்து, உள்ளங்கையில் ரசம் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். நாலு நிமிஷம் பத்து செகண்டும் போய்விட்டது. நான் அந்தப் பையனை ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை.

ஒரு தாயிடம் இதை எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை. கோழை. கவுஸ் பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், அந்தக் கடைசி பாகத்துல என்னென்ன இருக்கும்?"

"ஏன்? வரலியா?"

"வருது வருது. சும்மா கேட்டேன்."

"அம்மா நேத்துலேர்ந்து தூங்கல. ஞாயித்துக்கெழம நீங்களே வூட்டுக்கு எடுத்துட்டு வந்துருங்க." வைத்துவிட்டார்.

ஏதாவது ஒரு துண்டு மிச்சம் இருக்காதா என்று கேசட்டை முதலிலிருந்து ஓட்டினேன். கம்ப்யூட்டரில் பதியவும் விட்டேன். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். வெளியே நல்ல வெயில். ஜும்மா முடிந்து கடைத்தெரு அடங்கியிருந்தது.

மதியம் மணி 1.42. கூட்டத்தைக் காட்டினார்கள். ஆயிரம் பேர் தலையை ஆட்டிக் குதிக்கிறார்கள். பின்வரிசையில் ஒருவன் மட்டும் குதிக்கவில்லை. ஒல்லி. கறுப்பு. ஒட்ட வெட்டிய முடி. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான். 'நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் அப்பவே டிக்கெட் எடுத்திருக்கான்' என்று சிரித்தேன்.

1.50. சந்தேகம். பின்னால் ஓட்டி அதே இடத்தைப் போட்டேன். பையன் பின்வரிசையில் இல்லை... நடுவில் நின்றான்.

டெக்கின் ஹெட்டைத் துடைத்தேன். மறுபடி போட்டேன். முன்வரிசை.

எல்லோரும் மேடையைப் பார்க்கிறார்கள். அவன் என்னைப் பார்க்கிறான்.

1.58. டிரம்ஸ் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம். டக்... டக்... யாரோ மைக்கைத் தட்டிப் பார்ப்பதுபோல.

போதும் என்று கேசட்டை வெளியே எடுத்தேன்.

கேசட் என் கையில். படம் ஓடிக்கொண்டிருந்தது.

டெக்கில் டேப் ஓடும் கணக்கைக் காட்டும் எண் 0000.

2.05. அவன் முகம் திரை முழுக்க...

வாய் அசைந்தது. பேசினான். குரல் இல்லை. கிடார் மட்டும் கத்தியது.

கோபம் இல்லை அந்த முகத்தில். கொஞ்சம் வெட்கம். அதுதான் என்னைக் கொன்றது.

நான் ஓடவில்லை.

டக்.

நீலத் திரை. 2.09-ஐத் தாண்டிப் பத்து செகண்ட்.

ஞாயிற்றுக்கிழமை, கம்ப்யூட்டரில் பதிந்திருந்ததை அப்படியே ஏற்றிய சிடியோடு லப்பைக்குடிக்காடு பஸ் ஏறினேன். போனதும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கண்டக்டர் என்னைக் குடிகாரன் என்று நினைத்து ஒதுங்கினார்.

அஸ்லாமின் அம்மா சுல்தானா வாசலிலேயே நின்றார். "வாங்க தம்பி" என்று சிடியை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அது பிளேயருக்குள் போய்விட்டது. கவுஸ் பாய் என் கையில் டீயைக் கொடுத்துவிட்டுத் தன் டம்ளரோடு உட்கார்ந்தார். டிவியைப் பார்க்கவில்லை.

கச்சேரியைத் தள்ளித் தள்ளிக் கடைசிக்கு வந்தார்கள். முகம் வந்தது.

கவுஸ் பாய் நிமிர்ந்தார். டீ மடியில் கொட்டியது. துடைக்கவில்லை. "யா அல்லாஹ்" என்றார். எழுந்து வெளியே போய்விட்டார்.

அம்மா அழவில்லை. டிவிக்கு மிக அருகில் போய் உட்கார்ந்தார். அந்தப் பையனின் வாய் அசைந்தது. கிடார் கத்தியது. அம்மா மெல்லப் பேசத் தொடங்கினார்.

"நல்லா இருக்கேம்மா. சோறு நானே ஆக்கிக்கிறேன். உங்க கொழம்பு மாதிரி வரல, தண்ணியா ஓடுது. அண்ணன்கிட்ட சண்ட போடாதீங்க. முட்டிக்கு எண்ண தேச்சுக்கங்க. இந்தப் பாட்டு சத்தமா இருக்கும்மா, ஆனா தனியா இருக்கிறப்ப நல்லாருக்கு..."

நாலு வருஷமாக அந்தக் கேசட்டைத் தினமும் கேட்டவர். ஒவ்வொரு வார்த்தையும் மனப்பாடம். அவன் உதட்டுக்கும் அவர் சொல்லுக்கும் ஒரு இம்மி பிசகவில்லை. அவன் சிரித்த இடத்தில் அவரும் நிறுத்தினார். அவன் இருமிய இடத்தில் காத்திருந்தார்.

1972-இல் எடுத்த படம். அவன் பிறந்ததே அதற்கு மூன்று வருஷம் கழித்து.

நீலத் திரை வந்தது. அம்மா உள்ளங்கையை டிவி கண்ணாடியில் வைத்தபடியே இருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மா, என்னைய மன்னிச்சிருங்க. அவர் பேசுனத நான் அழிச்சிட்டேன். தெரியாம செஞ்சிட்டேன். குரல் போயிருச்சு. இது எப்படி வந்துச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. முந்தானையால் டிவி கண்ணாடியைத் துடைத்தார்.

"குரல் எங்கிட்ட இருக்கு தம்பி. அழாதீங்க."

"அம்மா, பாய்கிட்ட ரெண்டு வாட்டி கேட்டேன், சொல்லல. நீங்களாவது சொல்லுங்க. நான் அழிச்சதுல என்னதாம்மா இருந்துச்சு?"

அவர் திரும்பி என்னை நேராகப் பார்த்தார்.

"கேமராவ அவன் கையில புடிச்சிருந்தான். கட்டில காட்டுனான். அடுப்பக் காட்டுனான். சன்னல் வழியா ரோட்டக் காட்டுனான். பேச்சு மட்டுந்தான் தம்பி. அவன் மூஞ்சி அதுல ஒரு தடவகூட வரல. ஏன்டா காட்டலன்னு போன்ல கேட்டேன். 'நேர்ல வந்து காட்டுறேம்மா'ன்னான்."